அரிய பிரிட்டிஷ் குடும்பப்பெயரின் வேரைத் தேடுவது எப்படி? கார்ன்வால் பெயர்களை வைத்து ஒரு வழிகாட்டி

கோலார் தங்கவயலில் வளர்ந்தவர்களுக்குக் கார்ன்வால் பெயர்கள் புதிதல்ல. 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே சுரங்கம் நடத்தியபோது, நுட்ப வேலைக்கும் மேற்பார்வைக்கும் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தது. அடியில் இறங்கி உடைத்தவர்களில் பெரும்பாலோர் வடார்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். அந்தக் கார்ன்வால்காரர்களில் ஒருவருடைய வழியில் வந்தவர் என் மனைவி. அவர்கள் வீட்டுப் பெயர் எந்த ஊரில் பிறந்தது, யார் யார் எங்கெங்கே போனார்கள் என்று தேடப் போய், எங்கே ஆரம்பிப்பது என்று சொல்ல ஆளில்லாமல் ரொம்பவே அலைந்தோம். நீங்கள் அலைய வேண்டாம்.

அவர்கள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அரிய பெயரை எழுதினால் உயிரோடிருக்கும் உறவினர்கள் எல்லோரையும் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதே வட்டாரத்துப் பெயரான ட்ரெம்பாத் என்பதை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். பென்சான்ஸ் நகருக்குப் பக்கத்தில் மேட்ரன் என்ற பாரிஷில் (ஓர் ஆலயத்தின் பொறுப்பிலுள்ள ஊர்ப்பகுதி) ட்ரெம்பாத் என்று ஓர் இடம் இருக்கிறது. பெயர் அந்த இடத்திலிருந்து வந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்மித், ஜோன்ஸ் மாதிரிப் பெயர் என்றால் உங்கள் அப்பா, தாத்தா, அவருடைய அப்பா என்று ஒரே கிளையில் ஏறிப்போவதைத் தவிர வேறு வழியில்லை. அரிய பெயருக்கு இந்த முறை வீண். அங்கே பெயரையே தேட வேண்டும். அந்தப் பெயர் உள்ள அத்தனை பேரையும் ஒரு பட்டியலில் திரட்டி, அப்புறம் யார் யாருக்குப் பிள்ளை என்று பொருத்திக்கொண்டு வந்தால், உங்கள் கிளை தானாக அதன் இடத்தில் போய் உட்காரும். கீழே உள்ள வரிசை இந்த முறைக்கானது.

1. வீட்டில் இருப்பதை முதலில் எடுங்கள்

பைபிளின் முதல் பக்கத்தில் எழுதிய பிறந்த தேதிகள், கல்லறைக் கல்வெட்டின் படம், பழைய பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், புகைப்படத்தின் பின்பக்கம் எல்லாவற்றையும் செல்பேசியில் படம் பிடித்து வையுங்கள். நடுப்பெயர்களை விடாதீர்கள். கார்ன்வாலில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைப்பது சாதாரணம். இரண்டு தலைமுறைக்கு முந்தைய திருமணத்தை அந்த ஒரு சொல் காட்டிக்கொடுக்கும்.

வயதானவர்களிடம் கேட்கும்போது "நம்ம பூர்வீகம் எது?" என்று கேட்டால் "லண்டன்" என்றுதான் பதில் வரும். எந்தச் சபைக்குப் போனார்கள், யார் வீட்டுக்குக் கடிதம் போட்டார்கள், அந்த உறையில் என்ன ஊர் இருந்தது என்று கேளுங்கள்.

2. பெயர் எங்கே குவிந்திருக்கிறது என்று பாருங்கள்

இதற்குக் காசு வேண்டாம். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெயர்ப்பட்டியல் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றும் அதில் உண்டு. உங்கள் பெயரைப் போட்டு, வரும் ஆட்களை வசிக்கும் ஊர்ப்படி பிரிக்காமல் பிறந்த ஊர்ப்படி பிரியுங்கள். 1881க்குள் பலர் ரயிலேறித் தொழில்நகரங்களுக்குப் போய்விட்டார்கள். லங்காஷயர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் கார்ன்வாலில் பிறந்தவராக இருப்பார்.

ட்ரெம்பாத் போன்ற பெயர்களை இப்படிப் பிரித்தால் ஆட்கள் கார்ன்வாலின் மேற்குக் கோடியில் ஒரு சில பாரிஷ்களில் திரளுவார்கள். அப்படித் திரண்டால் உங்களுக்கு நல்ல காலம். நாடு முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தால், பெயர் பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கலாம், அல்லது வேறொரு பெயரின் திரிபாக இருக்கலாம்.

பெயரின் பொருளுக்குத் தேடுபொறியில் வரும் முதல் பதிலை நம்பாதீர்கள். "நார்மன் படையோடு வந்த வீரரின் வம்சம்" என்று எல்லாப் பெயருக்கும் ஒரே கதை எழுதிவைத்திருப்பார்கள். பிரிட்டிஷ், ஐரிஷ் குடும்பப்பெயர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2016இல் நான்கு தொகுதிகளாக வந்தது. இங்கிலாந்தின் மேற்குப் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வின் விளைவு அது. எந்த ஆண்டு எந்த ஆவணத்தில் பெயர் காணப்படுகிறது என்று சான்றோடு தரும். வாங்கினால் கட்டுப்படியாகாது. பிரிட்டனில் உறவினரோ நண்பரோ இருந்தால் அவர்கள் ஊர் நூலகத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

3. எழுத்து வேறுபாடுகளைப் பட்டியலிடுங்கள்

இதைத் தாண்டிப்போகிறவர்கள்தான் பிறகு "ஆளே காணோம்" என்று உட்கார்ந்திருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டுப் பாதிவரை எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். அவர்கள் சொன்ன பெயரைக் குருவும் கணக்கெடுப்பாளரும் தங்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். ட்ரெம்பாத் என்பது ட்ரெம்பார்த், ட்ரெம்பெத், ட்ரம்பாத் என்றெல்லாம் வரும். இது காதின் பிழை. கண்ணின் பிழை வேறு: பழைய கையெழுத்தைக் கணினியில் ஏற்றியவர்கள் முதல் எழுத்தான பெரிய "டி"யை "எஃப்", "ஐ" என்று படித்திருப்பார்கள். பெயரின் முதல் எழுத்தே மாறினால் சாதாரணத் தேடலில் அந்த ஆள் வரவே மாட்டார்.

ஆகவே இரண்டு பட்டியல் போடுங்கள்: ஒலிக்குழப்பம் ஒன்று, எழுத்துக்குழப்பம் ஒன்று. ஒவ்வொரு தளத்திலும் இரண்டையும் ஓட்டுங்கள். நட்சத்திரக் குறி போட்டுத் தேட விடும் தளங்களில் நடுவிலுள்ள உயிரெழுத்துகளை நட்சத்திரமாக்கினால் பாதி வேலை குறையும். எதுவும் வரவில்லையென்றால் குடும்பப்பெயரை விட்டுவிட்டு, கணவன், மனைவி, பிள்ளைகள் பெயர்களோடு ஊரை மட்டும் வைத்துத் தேடிப் பாருங்கள்.

4. 1837க்குப் பிந்தைய பதிவுகளை முழுதாக இறக்குங்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பை அரசு பதிவு செய்யத் தொடங்கிய நாள் 1 ஜூலை 1837. ஸ்காட்லாந்துக்கு 1855, அயர்லாந்துக்கு 1864. ஸ்காட்டிஷ் பெயர் என்றால் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசுத் தளத்துக்குப் போங்கள், அது தனி உலகம். அங்கே இறப்புச் சான்றிதழிலேயே தாய் தந்தை பெயர் இருக்கும். இங்கிலாந்தில் அந்தக் கொடுப்பினை கிடையாது. அயர்லாந்தின் பழைய பதிவுகள் அரசுத் தளத்தில் இலவசம். ஆனால் அங்கே 19ஆம் நூற்றாண்டுக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் போய்விட்டன: சிலவற்றை அரசே அழித்தது, மற்றவை 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில் எரிந்தன.

இங்கிலாந்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு, இரண்டும் வேண்டும்.

முதலாவது ஃபிரீபிஎம்டி. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தது, இலவசம், பெயரைப் போட்டால் மொத்தப் பட்டியலும் கொட்டும். அரிய பெயருக்கு ஒரே தேடலில் எல்லாம் வந்துவிடும். அப்படியே எடுத்து விரிதாளில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஆண்டு, காலாண்டு, பதிவு மாவட்டம், தொகுதி, பக்கம் என்று ஐந்து பத்திகள். மார்ச் காலாண்டு என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை *பதிவான* பிறப்பு. பதிவு செய்ய 42 நாள் அவகாசம் இருந்ததால் டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டு மார்ச் காலாண்டில் வரக்கூடும். இது தெரியாமல் "தேதி பொருந்தவில்லை" என்று சரியான ஆளைத் தள்ளிவிடாதீர்கள்.

இரண்டாவது ஜிஆர்ஓ, அதாவது பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் சொந்த அட்டவணை. இதுவும் இலவசம், கணக்கு தேவை. தேடுவதற்குக் கொஞ்சம் எரிச்சலூட்டும்: ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், ஒரு தடவைக்கு முன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பார்க்க முடியாது. ஆனாலும் விடாதீர்கள். காரணம், 1837 முதலே பெரும்பாலான பிறப்புகளுக்குத் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இதில் இருக்கிறது. பழைய அச்சு அட்டவணையில் அது 1911இன் பிற்பகுதியில்தான் வருகிறது. இறப்புக்கு வயதும் இருக்கிறது. பென்சான்ஸ் மாவட்டத்தில் உங்கள் பெயரில் பிறந்த குழந்தைகளைத் தாயின் பெயர்ப்படி அடுக்கினாலே குடும்பங்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். ஒரு சான்றிதழும் வாங்காமல் இவ்வளவு தூரம் வரலாம்.

இங்கே ஒரு பொறி. முதல் பிள்ளை கைக்குழந்தையாக இறந்தால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பார்கள். ஒரே தாய் தந்தைக்கு இரண்டு வில்லியம். நீங்கள் தேடும் வில்லியம் முதலாமவரா இரண்டாமவரா என்று, இறப்பு அட்டவணையில் வயது பூஜ்யம் என்று யாரும் இருக்கிறார்களா பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இணையத்தில் கிடக்கும் குடும்ப மரங்களில், குழந்தையாக இறந்தவருக்குக் கல்யாணம் செய்துவைத்து எட்டுப் பிள்ளைகளும் கொடுத்திருப்பார்கள்.

இன்னொன்று: 1875 வரை பிறப்பைப் பதிவு செய்யாவிட்டால் தண்டனை என்று கறாராக எதுவும் இல்லை. ஆகவே 1837 முதல் 1875 வரை சிலர் அட்டவணையில் கிடைக்க மாட்டார்கள். ஞானஸ்நானப் பதிவில் தேடுங்கள்.

5. சான்றிதழ்: எதை வாங்குவது, எதை வாங்கக்கூடாது

நம்மூர்ப் பழக்கத்தில் "நான் யார், எனக்கு என்ன உறவு என்று காட்டச் சொல்வார்களோ" என்று தயங்குவோம். தேவையில்லை. யாருடைய சான்றிதழையும் யாரும் வாங்கலாம். கடந்த 50 ஆண்டுகளுக்குள் நடந்த பிறப்பு என்றால் மட்டும் கூடுதல் விவரம் கேட்பார்கள்.

இதை எழுதும்போது ஜிஆர்ஓ விலை இப்படி:

- திரையில் உடனே பார்க்கும் டிஜிட்டல் படம்: 3 பவுண்ட். நூறாண்டு கடந்த பிறப்புகளுக்கும், 1837 முதல் 1887 வரையிலான இறப்புகளுக்கும் உண்டு.
- பிடிஎஃப்: 8 பவுண்ட். சில வேலைநாட்களில் கணக்குக்குள் வந்துவிடும்.
- தாளில் அச்சிட்ட சான்றிதழ்: 12.50 பவுண்ட். இந்தியாவுக்கும் அனுப்புவார்கள், விமானத் தபாலுக்கு வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

ஆர்டர் போடுமுன் விலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது ஏற்றுகிறார்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தில் போய்ப் பணம் நின்றுவிடும். வங்கி தன் பங்குக்கு மாற்றுக்கட்டணமும் எடுக்கும் என்பதால் ஒவ்வொன்றாக வாங்குவதைவிட நாலைந்தைச் சேர்த்து வாங்கலாம்.

அரிய பெயர்க்காரர்கள் முதலில் காசைப் போட வேண்டியது திருமணச் சான்றிதழில். மணமகன், மணமகள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் அதில் இருக்கும். ஒரே தாளில் இரண்டு குடும்பம். ஆனால் திருமணத்துக்கு மலிவான படமோ பிடிஎஃபோ கிடையாது, தாள்தான். பிறப்புக்கு 3 பவுண்ட் படம் போதும். இறப்புச் சான்றிதழ் பழைய காலத்துக்குப் பெரும்பாலும் வீண்செலவு. 1969க்கு முன்னால் அதில் பிறந்த ஊர் கூட இராது. இறந்ததைத் தெரிவித்தவர் யார் என்று பார்க்க மட்டும் உதவும்.

திருமணச் சான்றிதழில் ஒரு எச்சரிக்கை: தந்தை பெயர் மணமக்கள் வாயால் சொன்னது. தகப்பன் பெயர் தெரியாத பிள்ளைகள் தாத்தா பெயரைச் சொல்வதும், கற்பனையாக ஒருவரைச் சொல்வதும் உண்டு. வயது "முழு வயது" என்று மட்டும் இருந்தால் 21க்கு மேல் என்பதைத் தவிர வேறு பொருளில்லை.

6. கணக்கெடுப்பைக் கொண்டு குடும்பங்களை ஒட்டுங்கள்

பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பில், 1841 முதல் 1921 வரை பெயரோடு பார்க்கலாம். நூறாண்டு ரகசியம் காக்கப்படும் என்பதால் 1921 பதிவு 2022 ஜனவரியில்தான் வெளியானது. அதற்கடுத்த 1931 பதிவு 1942இல் தீயில் எரிந்துவிட்டது. 1941இல் போரால் எடுக்கவே இல்லை. 1951 பதிவு வெளிவர 2052 வரை உட்கார வேண்டும். நடுவில் கைகொடுப்பது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடு ஒன்றுதான்.

1841ஐ நம்பி வயதைக் கணக்கிடாதீர்கள். பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதினார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். பிறந்த ஊரும் இராது, "இதே கவுண்டியா (நம்மூர் மாவட்டம் மாதிரி), இல்லையா" என்பது மட்டும். 1851 முதல் பாரிஷ் பெயர் கிடைக்கும். அங்கே இன்னொரு சிக்கல்: கார்ன்வாலில் செயின்ட் ஜஸ்ட் என்ற பெயரில் இரண்டு ஊர்கள். ஒன்று மேற்குக் கோடியில் பென்வித்தில், இன்னொன்று ஃபால்மத் துறைமுகத்துக்கு எதிரே ரோஸ்லாண்டில். சுரங்கக்காரர் என்றால் அநேகமாக முதலாவது.

சந்தாவுக்குப் பணம் கட்டுமுன் ஃபிரீசென் தளத்தைப் பாருங்கள். இலவசமாகத் தட்டச்சு செய்யப்பட்ட கணக்கெடுப்புகள் கார்ன்வாலுக்குப் பெருமளவில் உண்டு. மூலப்படம் வேண்டுமென்றால் கட்டணத் தளங்களான ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் இரண்டில் ஒன்றுக்கு ஒரே ஒரு மாதம் கட்டுங்கள். அதற்குமுன் பார்க்க வேண்டியவர்களின் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். மாதக் கடைசியில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியைச் சந்தா எடுத்த அன்றே அணைத்துவிடுங்கள். லண்டனுக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் கணினிகளில் இரண்டு தளங்களையும் இலவசமாகப் பார்க்கலாம். திங்களும் ஞாயிறும் அங்கே விடுமுறை.

7. 1837க்கு முன்: பாரிஷ் பதிவேடுகள்

இங்கேதான் பலரும் களைத்துவிடுகிறார்கள். அரிய பெயர்க்காரர்களுக்கோ இதுதான் விளைச்சல் நிலம்.

1538இல் தொடங்கிய வழக்கம்: ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். ஆரம்பகால ஏடுகள் எல்லா ஊரிலும் தப்பவில்லை. 1640களிலும் 50களிலும் உள்நாட்டுப் போர், அதன்பின் வந்த குழப்பம் காரணமாகப் பல ஊர்களில் ஓட்டை விழுந்திருக்கும். 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்து, தந்தையின் தொழில், குடியிருந்த இடம் இரண்டும் சேர்கின்றன. ஆகவே 1813 முதல் 1837 வரையுள்ள பகுதி எளிது, அதற்கு முந்தையது மெதுவாகத்தான் நகரும்.

கார்ன்வாலுக்கு ஒரு பெரிய வசதி, கார்ன்வால் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் என்ற தன்னார்வலர் தரவுத்தளம். முழுக்க இலவசம். குடும்பப்பெயரை மட்டும் போட்டால் பாரிஷ் பேதமில்லாமல் எல்லாம் வரும். ஆங்கிலிக்கன் திருச்சபையிலிருந்து பிரிந்த மெதடிஸ்ட் சபையின் ஞானஸ்நானங்களும் உண்டு; சுரங்கக் குடும்பங்களில் மெதடிஸ்ட்கள் அதிகம் என்பதால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் 1754 முதல் 1837 வரை, குவேக்கர்களும் யூதர்களும் தவிர எல்லோரும் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் ஆலயத்தில்தான் சட்டப்படி மணமுடிக்க முடிந்தது. மெதடிஸ்ட் குடும்பத்தின் கல்யாணத்தை ஊர்ப் பாரிஷ் ஏட்டில் தேடுங்கள். மூல ஏடுகள் ரெட்ரூத் நகரிலுள்ள க்ரெசன் கெர்னோவில் இருக்கின்றன. பழைய மதுவடிசாலையைப் புதுப்பித்து 2019இல் திறந்த ஆவணக் காப்பகம் அது. பட்டியலை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

தேதியில் கவனம். 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25ஆம் தேதிதான் பிறந்தது. 1720 பிப்ரவரி என்று ஏட்டில் இருந்தால் அது இன்றைய கணக்கில் 1721 பிப்ரவரி. 1720 மே மாதம் கல்யாணம், 1720 பிப்ரவரி குழந்தை என்று பார்த்துவிட்டு மூதாட்டியின் நடத்தையைச் சந்தேகிக்க வேண்டாம்.

மேற்குக் கார்ன்வாலுக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அங்கே குடும்பப்பெயர் இன்னும் முழுசாக உறையவில்லை. ஒரு பண்ணையை விட்டு இன்னொன்றுக்குக் குடிபோனவர் புதுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வார். அல்லது தகப்பன் முதற்பெயரையே பின்னால் சேர்த்துக்கொள்வார். ஏடுகளில் "இன்னார் என்கிற இன்னார்" என்று இரண்டு பெயரும் சேர்ந்து வரும். அந்த வரி கிடைத்தால் பொக்கிஷம், உடனே குறித்துக்கொள்ளுங்கள். இதனால் விளைவது இரண்டு: ஒரே பண்ணைப்பெயரைத் தாங்கியவர்கள் எல்லோரும் ஒரே இரத்தம் என்று சொல்ல முடியாது, உங்கள் ஆண்வழி 1600க்கு முன் முற்றிலும் வேறு பெயரில் இருந்திருக்கலாம். பெயர் ஒரு இடத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஏடு தொடங்குமுன் வாழ்ந்தவர்களுக்கு வரிப்பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றைவிட உபயோகமானது 1641–42இல் பதினெட்டு வயதைத் தாண்டிய ஆண்கள் எல்லோரும் பிரமாணம் எடுத்துக் கொடுத்த பெயர்ப்பட்டியல். கார்ன்வாலுக்கு நன்றாகத் தப்பியிருக்கிறது. பாரிஷ் வாரியாக உங்கள் பெயர்க்காரர்கள் யார் யார் என்று ஒரே நாளில் எண்ணிவிடலாம்.

8. உயில்கள்

ஏழைச் சுரங்கக்காரர் உயிலா எழுதியிருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு படகின் பங்கு, இரண்டு பசு, ஒரு குத்தகை வீடு இருந்தாலும் எழுதினார்கள். பிள்ளைகள், மருமகன்கள், பேரன்கள் எல்லோரும் உறவுமுறையோடு வருவது இங்கேதான்.

1858 ஜனவரி 12 முதல் அரசு நீதிமன்றம்; ஆண்டுவாரி அட்டவணையை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வெளிநாட்டில் இறந்து இங்கிலாந்தில் சொத்து விட்டவர்களும் அதில் வருவார்கள். அதற்கு முன் திருச்சபை நீதிமன்றங்கள். பக்கத்துக் கவுண்டியான டெவனின் உயில்கள் 1942இல் எக்ஸிட்டர் மீது விழுந்த குண்டில் பெரும்பாலும் அழிந்தன. கார்ன்வாலின் ஆர்ச்டீக்கன் (ஆயருக்கு அடுத்த நிலையிலுள்ள குரு) நீதிமன்ற உயில்கள் தப்பி, ரெட்ரூத்தில் இருக்கின்றன.

9. கடல் கடந்தவர்களைப் பிடிப்பது

1866இல் செம்பு விலை விழுந்து சுரங்கங்கள் மூடத் தொடங்கியதும் கார்ன்வால் ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். அதற்கு முன்பே மெக்சிகோவின் ரியல் டெல் மொந்தேவுக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவின் புர்ராவுக்கும் போயிருந்தார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவிலேயே மூண்டா, அமெரிக்காவில் மிச்சிகனின் வடபகுதி, கலிஃபோர்னியாவின் கிராஸ் வேலி, 1880 முதல் நம் கோலார், 1886க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் என்று பல இடங்களுக்கும் போனார்கள். ஓர் ஊரில் ஒரு அண்ணன் போய் வேலை பிடித்தால் தம்பியும் மச்சானும் பின்னால் வருவார்கள். எனவே உங்கள் பெயருள்ள ஒருவர் ஓர் ஊரில் அகப்பட்டால் அவர் மனைவியின் வீட்டுப் பெயரையும் அதே ஊரில் தேடுங்கள்.

பிரிட்டனிலிருந்து வெளியேறிய பயணிகளின் பட்டியல் 1890 முதல் 1960 வரைதான் முறையாக இருக்கிறது. அதற்கு முன்னால் போனவரைப் போன நாட்டின் துறைமுகப் பதிவில் தேட வேண்டும். செலவில்லாத நல்ல வழிகள்: ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்கள் முழுக்க இலவசம், நியூசிலாந்துக்குப் பேப்பர்ஸ் பாஸ்ட். இறப்புச் செய்தியில் "கார்ன்வால் செயின்ட் ஜஸ்டைச் சேர்ந்த இன்னாரின் மகன்" என்று ஒரு வரி இருக்கும். விக்டோரியா மாநில இறப்புச் சான்றிதழ் கிடைத்தால் இன்னும் நல்லது: பெற்றோர், பிறந்த ஊர், குடியேறி எத்தனை ஆண்டு, பிள்ளைகள் பெயர் எல்லாம் அதில் உண்டு. இங்கிலாந்துச் சான்றிதழ் தராததை அது தரும்.

இந்தியாவுக்கு வந்தவர்களுக்கு பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகள். இங்கே ஆலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களை லண்டனுக்கு அனுப்பிவந்தார்கள். வங்காளம் என்/1, சென்னை என்/2, பம்பாய் என்/3 என்று மூன்று வரிசை. தென்னிந்தியாவுக்கு என்/2இல் தொடங்குங்கள். படங்கள் ஃபைண்ட்மைபாஸ்டில் இருக்கின்றன, அந்த ஒரு மாதச் சந்தாவிலேயே இதையும் முடித்துவிடலாம். ஃபிபிஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் சங்கத்தின் தேடல் இலவசம். முதலில் அதைப் பாருங்கள். ஆலயம் அனுப்பியதுதான் லண்டனில் இருக்கும். அனுப்பாமல் விட்டது உள்ளூர் ஏட்டில் மட்டும் இருக்கலாம் என்பதால் தங்கவயல் ஆலயங்களில் நேரில் கேட்பதும் தேவைப்படும். போகுமுன் குருவுக்குக் கடிதம் எழுதி, ஆண்டையும் பெயரையும் குறிப்பிட்டு அனுமதி வாங்குங்கள். ஞாயிறு காலையில் போய் நிற்காதீர்கள்.

பென்சான்ஸில் 1878 முதல் வந்த கார்னிஷ்மன் செய்தித்தாளையும் விடாதீர்கள். வெளிநாட்டுச் சுரங்கங்களில் அடிபட்டவர்கள், இறந்தவர்கள், விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள் எல்லாம் அதில் செய்தி.

10. டிஎன்ஏ: கடைசியில்தான்

ஆவண வேலை முடியுமுன் எச்சில் குழாய்க்கு ஆர்டர் போடாதீர்கள். குடும்பப்பெயருக்குப் பொருந்துவது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் சோதனை. என் மனைவி மாதிரிப் பெண்வழி வாரிசுகள் இதைச் செய்துகொண்டு பயனில்லை. அந்தப் பெயரைத் தாங்கிய ஆண் ஒருவரைப் பிடித்து, அவர் சம்மதித்தால் நாம் பணம் கட்ட வேண்டும். ஒருவர் போதாது, ஆவணப்படி தூரத்துக் கிளைகளைச் சேர்ந்த இருவராவது வேண்டும். ஒத்துவந்தால் இருவருக்கும் பொது மூதாதை உண்டு என்று பிடிப்போடு சொல்லலாம்.

லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 குடும்பப்பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களைச் சோதித்து 2009இல் வெளியிட்ட முடிவு, பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவு ஒற்றுமை என்பதுதான். அட்டன்பரோ என்ற பெயர்க்காரர்களில் 87 விழுக்காட்டினர் ஒரே வகை. ஸ்மித்களிடம் அப்படி எதுவும் இல்லை. அதிர்ச்சிக்கும் தயாராக இருங்கள்: யார்க்‌ஷயரின் ஓர் அரிய பெயரில் சோதித்த 18 பேரில் 7 பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் காணப்படும் அரிய வகை கிடைத்தது, 2007இல் வெளியான ஆய்வு அது. ஒத்துவராவிட்டால் தத்து, மறுமணம், தாய்வழிப் பெயர், மேலே சொன்ன "என்கிற" பெயர் என்று காரணம் எதுவும் இருக்கலாம். சோதனைக்குக் கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுவது மரியாதை. விலை அடிக்கடி மாறும். ஆண்டில் சில தடவை தள்ளுபடி வரும், அப்போது வாங்குங்கள்.

11. பணம் பறிக்கும் மூன்று இடங்கள்

குடும்பச் சின்னம் என்று கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கும் கடைகள் முதலாவது. இங்கிலாந்தில் சின்னம் ஒரு மனிதருக்கும் அவர் வழி வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது, பெயருக்கு வழங்கப்படுவதல்ல. 1484 முதல் இதைக் கவனிக்கும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இருக்கிறது. அதே பெயர் வைத்திருப்பதால் உங்களுக்கு உரிமை வராது.

இரண்டாவது, உங்கள் பெயரை அட்டையில் அச்சடித்து "வரலாறு" என்று விற்கும் புத்தகங்கள். உள்ளே தொலைபேசிப் புத்தகத்திலிருந்து எடுத்த முகவரிகளும் பொதுவான கதைகளும்தான்.

மூன்றாவது, ஜிஆர்ஓ சான்றிதழை இரட்டை விலைக்கு வாங்கித்தரும் இடைத்தரகுத் தளங்கள். தேடுபொறியில் விளம்பரமாக முதலில் வரும். முகவரியில் gov.uk என்ற அரசுத் தள முடிவு இருக்கிறதா என்று பார்த்தே பணம் கட்டுங்கள்.

12. ஏற்கெனவே யாராவது செய்கிறார்களா?

இதை முதல் படியாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் கையில் எதுவும் இல்லாமல் போய்க் கேட்டால் "உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள், பதில் இராது. 1979இல் தொடங்கிய ஒற்றைப்பெயர் ஆய்வுகளின் சங்கத்தில் பெயர்வாரியாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் பெயர் இருக்கிறதா என்று உறுப்பினராகாமலே தேடலாம். இருந்தால், உங்கள் விரிதாளிலிருந்து உங்கள் கிளையை மட்டும் ஒரு பக்கத்தில் சுருக்கி, கடைசியாக உறுதியான ஆவணம் எது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். கோலார், ஊட்டி, சென்னைப் பதிவுகள் பெரும்பாலும் அவர்களிடம் இருக்காது. அதைக் கொடுத்தால் கார்ன்வால் பகுதியை மகிழ்ச்சியோடு தருவார்கள். அனுப்புமுன் உயிரோடிருப்பவர்களின் பெயர், பிறந்த தேதி இரண்டையும் அழித்துவிடுங்கள்.